மருமவனே, நடைக்கு எவ்வளவு?

வாரும் மருமவனே. பெங்களூருல இருந்து தசராவுக்கு வந்த மனுசன், குலசை முத்தாரம்மனைக் கும்பிட்டுத் திருநீறு பூசுன கையோட செல்போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டீரு. ராக்கெட்டு காலம் முடிஞ்சுபோச்சு மாமா, இனிமே வானத்துக்குக் கயிறு கட்டி ஏறப்போறான், சுழட்டி எறியப்போறான், பிளேன்ல கொண்டுபோயி விடப்போறான்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சீரு. முடிச்சுட்டு மெதுவா, உவரிப் பாதையில கிடக்க என் தென்னந்தோப்பு என்ன விலைக்குப் போவும்னு கேட்டீரு பாரும், அங்கதான் எனக்கு முழிப்பு தட்டுச்சு.

கோவம் இல்லவே. கம்பெனி ஆரம்பிக்கணும்னு ஆசைப்படுதது தப்பா? நான் எட்டாங் கிளாஸ்தான். ஆனா காலம் பூரா லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துனவன். தூத்துக்குடி உப்பு, உடன்குடிக் கருப்பட்டி, எது எங்க போனாலும் என் சீட்டு இல்லாம போவாது. எவன் புது வண்டியைக் கொண்டாந்து நிறுத்துனாலும் பெயிண்டைப் பாக்கமாட்டேன். நடைக்கு என்ன வாடகை, வருசத்துக்கு எத்தனை நடை, லோடு எவன் தாரான்னு கேப்பேன். வானத்துக்குப் போற வண்டின்னா அந்தக் கேள்வி மாறிருமா என்ன? நீரு காட்டுன வீடியோவைப் பூராவும் உக்காந்து பாத்தாச்சு. உம்ம அத்தையும் பாத்தா. அவளுக்குக் கயிறு பிடிச்சிருக்காம்.

மொதல்ல ஒரு சங்கதி. வானம் ஒசரத்துல இருக்கதுனாலதான் இம்புட்டுச் செலவுன்னு ஊருல பாதிப்பேரு நினைக்கான். விண்வெளி எங்கன ஆரம்பிக்கின்னு கேட்டா 100 கிலோமீட்டர்ல ஒரு கோடு வச்சிருக்காவ. திருநெல்வேலியில இருந்து மதுரைக்குப் போற தூரம்கூடக் கிடையாது. அம்புட்டுத் தூரம் போயித் தொட்டுரலாம். தொட்ட கையோட விழுந்தும் போவீரு. விழாம பூமியைச் சுத்திக்கிட்டே கிடக்கணும்னா செகண்டுக்கு 7.8 கிலோமீட்டர் ஓடணும். கன்னியாகுமரியில கிளம்புனவன் ஒண்ணரை நிமிசத்துல சென்னையைத் தாண்டிரணும். செலவு ஒசரத்துக்கு இல்ல மருமவனே, இந்த ஓட்டத்துக்கு. இதை மனசுல முடிச்சு போட்டு வச்சுக்கிடும். பொறவு எவன் என்ன புது வழி சொன்னாலும், 'ஒசரம் சரி, ஓட்டம் எங்க?'ன்னு கேட்டாப் போதும், பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிருவான்.

அந்த ஓட்டத்துக்கு எரிபொருள் வேணும். எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள். அதைச் சுமக்க இன்னும். ரஷ்யாவுல சியோல்கோவ்ஸ்கின்னு காது மந்தமான பள்ளிக்கூட வாத்தியாரு ஒருத்தரு இந்தக் கணக்கை 1903-லயே எழுதி வச்சுட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அதை ஏமாத்த ஒருத்தனாலயும் முடியல. அமெரிக்காவுல அந்த எலான் மஸ்க்கோட ஃபால்கன் 9 கிளம்பும்போது 549 டன். மேல போயி இறக்குத சரக்கு, வண்டி திரும்ப வேண்டாம்னு விட்டாலும், 23 டன்னுக்குள்ளதான். மிச்சம் பூரா எரிபொருளும் தகரமும்.

இங்கதான் நீங்க படிச்ச பிள்ளைய எல்லாரும் வழுக்கி விழுதீய. 'ஆஹா, எரிபொருள்தான் வில்லன், அதை ஒழிச்சுட்டா ராக்கெட்டு மலிவாயிரும்'னு கிளம்பிருதீய. கயிறும், சுழட்டுதலும், பீரங்கியும் எல்லாம் இந்த ஒரே ஆசையில பொறந்த பிள்ளையதான். என் லாரியில டீசல் கிட்டத்தட்டப் பாதிச் செலவு, ஒத்துக்கிடுதேன். ஆனா ஃபால்கன் 9-க்கு எரிபொருள் என்ன ஆவும்னு மஸ்க்கே சொன்ன கணக்கு இருக்கு: சுமார் 2 லட்சம் டாலர். வாடகை? 6 கோடிக்கு மேல. நூத்துல அரைப்பங்குகூட இல்லாத செலவை மிச்சம் பிடிக்க நான் தோப்பை விக்கணும், அப்படித்தானே?

செலவு பூரா வண்டியிலயும், வண்டியைச் செஞ்சு பூட்டிப் பரிசோதிக்க ஆளுக சம்பளத்துலயும் கிடக்கு. புது லாரி வாங்கி, மெட்ராஸுக்கு ஒரு நடை உப்பு ஏத்திட்டுப் போயி இறக்குன கையோட லாரியைக் கடல்ல தள்ளிட்டு பஸ்ஸுல ஊருக்கு வந்தா எப்படி இருக்கும்? அறுபது வருசமா உலகம் பூரா அந்த யாவாரம்தான் நடந்துச்சு. சர்க்காரு காசுங்கதுனால ஒருத்தனும் கேக்கல.

வண்டி திரும்பி வந்தா எல்லாம் சரியாயிரும்னு நினைக்காதீரும். அதையும் ஒருத்தன் செஞ்சு பாத்துட்டான். அமெரிக்காவோட ஷட்டில். 1981-ல இருந்து 2011 வரைக்கும் 135 நடை போச்சு. கிளம்புததுக்கு முந்தி என்ன சொன்னாவ தெரியுமா? வாரத்துக்கு ஒரு நடை, மலிவோ மலிவுன்னு. எம்புட்டு முக்கியும் ஒரே வருசத்துல கூடினது 9 நடை, 1985-ல. வண்டி திரும்பி வந்துச்சு, இல்லங்கல. வந்த வண்டி ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளிய வரணுமே! வெப்பம் தாங்க மேல ஒட்டுன ஓடு மட்டும் 24,000-க்கு மேல. ஒவ்வொண்ணையும் ஆளு பாக்கணும். திட்டத்தோட மொத்தச் செலவை 135-ஆல வகுத்தா நடைக்கு 150 கோடி டாலர் வருது. கிலோவுக்கு 54,000 டாலர் பக்கம். கடல்ல தள்ளுத வண்டியே இதை விட மலிவா ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு வண்டி போயி 14 உசுரும் போச்சு; அதை வச்சு நான் வேடிக்கை பேசமாட்டேன்.

மஸ்க்கு அந்த இடத்துலதான் கெட்டிக்காரத்தனம் பண்ணாரு. முழு வண்டியும் வரணும்னு அடம்பிடிக்கல. கீழ்ப் பாகம் மட்டும் வந்தாப் போதும், அதுலதான் 9 எஞ்சின் இருக்கு, மேல் பாகம் போனாப் போவுதுன்னு விட்டாரு. 2015 டிசம்பர்ல முதல் தடவை கீழ்ப் பாகம் நின்ன நிலையிலயே வந்து இறங்குச்சு. 2017 மார்ச்சுல இறங்குன வண்டியே திரும்பப் போச்சு. இப்ப ஒரே கீழ்ப் பாகம் இருபது நடைக்கு மேல ஓடியிருக்கு. கிலோவுக்கு 2,700 டாலர் பக்கம் வாடகை வந்துருச்சு.

கை தட்டாதீரும், இரும். திரும்பி வாரதுக்குன்னு எரிபொருளை மிச்சம் வைக்கணும், காலு வைக்கணும். அம்புட்டும் சரக்குல கழியும். அப்ப எத்தனை நடை ஓடுனா முதலு எடுக்கலாம்? மஸ்க்கு சொல்லுதாரு, ரெண்டு நடையில சரிக்குச் சரி, மூணாவதுல இருந்து லாபம்னு. அவரோட போட்டிக் கம்பெனிக்காரரு டோரி புரூனோ, பத்து நடையாவது ஓடணும்னாரு. ரெண்டு பேருமே யாவாரிய, ரெண்டு பேரு கணக்கும் அவங்க அவங்க வண்டிக்குத் தோதாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணை ஒத்துக்கிட்டாவ பாத்தீரா: நடை வேணும். நடை இல்லாதவனுக்குத் திரும்பி வார வண்டி வெட்டித் தண்டம்.

நடைக்கு லோடு எங்க? உலகத்துல அம்புட்டுச் சரக்கு இல்ல மருமவனே. அதனால அந்த மனுசன் தானே சரக்கை உண்டாக்கிட்டாரு. ஸ்டார்லிங்க்னு ஆயிரக்கணக்குல செயற்கைக்கோளு. 2024-ல அவரு கம்பெனி ஃபால்கன் 130 நடைக்கு மேல போச்சு; அதுல மூணுல ரெண்டு பங்கு அவரோட சொந்தச் சரக்கு. லாரி வாங்குனவன் லோடு கிடைக்காம உப்பளத்தையும் சேத்து வாங்கிப்போட்ட கதை. உமக்கு உப்பளம் இருக்காவே?

இன்னொரு வேடிக்கை. செலவு குறைஞ்சதே, வாடகை குறைஞ்சுதா? விலைப்பட்டியல்ல 6.2 கோடி டாலரா இருந்தது 2024-ல கிட்டத்தட்ட 7 கோடி ஆச்சு. பேட்டையில வேற லாரி நிக்காதப்ப எவன் வாடகையைக் குறைப்பான்? நானா இருந்தாலும் குறைக்கமாட்டேன். அடுத்து ஸ்டார்ஷிப்புன்னு 5,000 டன் பூதத்தைக் கட்டிக்கிட்டு இருக்காரு. ரெண்டு பாகமும் திரும்பி வரணும்ங்கது திட்டம். 2024 அக்டோபர்ல அதோட கீழ்ப் பாகத்தைக் கோபுரத்துல இருந்து ரெண்டு இரும்புக் கை நீட்டி அந்தரத்துல பிடிச்சாவ பாரும், நம்ம கோயில் கொடையில அப்படி ஒரு காட்சி வராது. நடை 20 லட்சம் டாலருக்கு வரும்னு 2019-ல சொன்னாரு. வரட்டும். வந்த பொறவு சீட்டைக் காட்டட்டும், நான் நம்புதேன்.

சரி, உம்ம அத்தைக்குப் பிடிச்ச கயிறுக்கு வாரேன்.

தத்துவத்துல குத்தமே இல்லவே. 35,786 கிலோமீட்டர் ஒசரத்துல, நிலநடுக்கோட்டுக்கு மேல சுத்துத செயற்கைக்கோளு பூமியோட சேந்தே சுத்தும், நம்ம கண்ணுக்கு நின்ன இடத்துலயே நிக்கும். அதுல இருந்து ஒரு கயிறைக் கீழ விட்டு, எடை சரிக்கட்ட மேலயும் கொஞ்சம் நீட்டிவிட்டா, கயிறு தானா விறைச்சு நிக்கும். அதைப் பிடிச்சு ஏறிப் போவலாம். அந்தச் சியோல்கோவ்ஸ்கியே 1895-ல கோபுரமா யோசிச்சாரு. கயிறா யோசிச்சது அர்ட்சுடானோவ்னு இன்னொரு ரஷ்யாக்காரரு, 1960-ல. கொழும்புல குடியிருந்த ஆர்தர் கிளார்க் 1979-ல இதை வச்சு நாவலே எழுதுனாரு. இலங்கை நிலநடுக்கோட்டுல இல்லையேன்னு, கதையில அந்தத் தீவையே தெக்கால இழுத்துக் கொண்டுபோயி வச்சுட்டாரு. எழுத்தாளருக்கு அந்த வசதி உண்டு. இன்ஜினியருக்கு இல்ல.

இடைஞ்சல் எங்கன்னா, அம்புட்டு நீளக் கயிறு தன் கனத்தையே தாங்காது. எஃகுல செஞ்சா தன் பாரத்துல தானே அந்துபோவும். கார்பன் நானோகுழாய்னு ஒண்ணு இருக்கு, அது தாங்கும்னு சொல்லுதாவ. சரி, எம்புட்டு நீளம் செஞ்சிருக்காவ? 2013-ல சீனாவுல சிங்ஹுவா பல்கலைக்கழகத்துல ஒத்தைக் குழாயை அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட வளத்துக் காட்டுனாவ, அதுவே பெரிய சாதனை. வேண்டியது? ஜப்பான்ல ஒபயாஷின்னு ஒரு கட்டுமானக் கம்பெனி 2012-ல திட்டம் போட்டுச்சு, 2050-க்குள்ள முடிப்போம்னு. அவங்க கயிறு 96,000 கிலோமீட்டர். அரை மீட்டர் ரெடி, பாக்கியை மட்டும் செஞ்சா முடிஞ்சுபோச்சு.

கயிறு கிடைச்சுருச்சுன்னே வையும். முதல் நூலை மேல கொண்டுபோறது எது? ராக்கெட்டு! பொறவு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல பெட்டி ஏறுமாம். 36,000-ஐ 200-ஆல வகும், 180 மணி நேரம், ஏழரை நாளு. சனி பகவான் கணக்கு எங்கயும் விடமாட்டேங்கு. போகட்டும், வழியில என்ன இருக்கு? கீழ ஓடுத செயற்கைக்கோளு, உடைஞ்ச தகரம், கழண்ட திருகாணி எல்லாம் ஒவ்வொரு சுத்துலயும் நிலநடுக்கோட்டைத் தாண்டித்தான் ஆவணும். கயிறு அங்கயே நிக்கி. என்னிக்காவது ஒருநாள் வந்து அடிக்கும். அதுக்கு இன்சூரன்ஸ் போடுத கம்பெனி பேரைச் சொல்லும், நானும் அங்க ஒரு பாலிசி எடுக்கேன்.

சுழட்டி எறியுததா? அது நெசமாவே நடந்துச்சு. ஸ்பின்லாஞ்ச்னு கம்பெனி. நியூ மெக்சிகோ பொட்டல்ல 33 மீட்டர் அகல இரும்பு டப்பாவைக் கட்டி, உள்ள காத்தை உறிஞ்சிட்டு, நீளக் கையில சரக்கை மாட்டிச் சுழட்டி 2021 அக்டோபர்ல மேல விட்டாவ. சுத்துவட்டப் பாதைக்கு அனுப்ப 100 மீட்டர் அகலத்துல வேணுமாம். அதுல சுழலும்போது சரக்கு தன் எடையைப் போல 10,000 மடங்கு கனக்கும். ஒரு கிலோ கருப்பட்டிச் சிப்பம் 10 டன் கனம்! கருப்பட்டி பாகாயிரும், அதுல மனுசன் எங்க போறது? செயற்கைக்கோளையும் அதுக்குத் தோதா புதுசா வடிவமைக்கணும். இம்புட்டும் பண்ணி வெளிய வரும்போது வேகம் மணிக்கு 8,000 கிலோமீட்டர். வேண்டியதோ 28,000. மூணுல ஒரு பங்குகூட இல்ல. பாக்கிக்கு? உள்ளுக்குள்ள ஒரு ராக்கெட்டு வச்சிருக்காவ, மருமவனே. மறைச்சு வச்சாலும் மாப்பிள்ளை அவருதான்.

பீரங்கி கதை இன்னும் சோகம். கனடாக்காரரு ஜெரால்டு புல், கப்பல் பீரங்கி ரெண்டைச் சேத்து வச்சு 1966-ல 180 கிலோமீட்டர் ஒசரத்துக்குக் குண்டு விட்டாரு. ஒசரம் வந்துச்சு, ஓட்டம் வரல, கீழ விழுந்துச்சு. பொறவு சதாம் உசேனுக்குப் பெரும்பீரங்கி செஞ்சு குடுக்கப் போனாரு. 1990-ல பிரஸ்ஸல்ஸ்ல வீட்டு வாசல்லயே சுட்டுட்டாவ. வாடிக்கையாளரைப் பாத்துப் பிடிக்கணும்ங்கதுக்கு இதுக்கு மேல என்ன சொல்ல?

பிளேன்ல கொண்டுபோயி விடுததைப் பத்தி ரொம்பப் பேசண்டாம். பிளேனோட வேகம் வேண்டியதுல முப்பதுல ஒரு பங்கு. அதுக்காக ஒரு பிளேனையும், பைலட்டையும், ரிப்பேர்க்காரனையும் வருசம் பூரா சோறுபோட்டு வச்சிருக்கணும். 1990-ல பெகாசஸ்னு ஒரு ராக்கெட்டு இப்படிப் போச்சு. முப்பத்தோரு வருசத்துல 45 நடை. பால் ஆலன்னு ஒரு பணக்காரரு 117 மீட்டர் இறக்கை வச்ச பிளேனைக் கட்டுனாரு. அது பறந்ததைப் பாக்க அவரு இல்ல, இப்ப அது வேற சோலிக்கு ஓடுது. வர்ஜின் ஆர்பிட்னு ஒரு கம்பெனி 2023 ஜனவரியில இங்கிலாந்துல இருந்து விட்டது கடல்ல போச்சு, ஏப்ரல்ல கம்பெனி மஞ்சக் கடுதாசி குடுத்துருச்சு. காத்தைக் குடிச்சுக்கிட்டே ஓடுத எஞ்சின் செய்யுதோம்னு 1989-ல ஆரம்பிச்ச இங்கிலாந்து ரியாக்சன் எஞ்சின்ஸ், 2024 அக்டோபர்ல திவாலாச்சு. யோசனை திறமையானதுதான். ஆனா கூலி குடுக்க ஆளு வரணுமே.

இப்ப நம்ம வாசலுக்கு வாரும். நீரு கயிறைத் தேடி ஜப்பானைப் பாத்துக்கிட்டு இருக்கீரு. உண்மையிலயே மலிவான புது வழி உம்ம குலசாமி கோயிலுக்குப் பக்கத்துல, குலசேகரன்பட்டினத்துல, அதான் நம்ம குலசையில, ராக்கெட்டு ஏவுதளமா வந்துக்கிட்டு இருக்கு. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து துருவப் பாதைக்கு நேரா தெக்க விட்டா கீழ இலங்கை இருக்கு. அடுத்தவன் தலையில விழக்கூடாதுன்னு, ராக்கெட்டு கிழக்கால போயி வளைஞ்சு பொறவு தெக்க போவுது. வளையுத வளைவுக்கு எரிபொருள், அதுக்குச் சரக்குல கழிவு. பெரிய வண்டி தாங்கும். எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி 500 கிலோ சுமக்க சின்ன வண்டிக்கு அது முதுகெலும்பை முறிக்கும். குலசையில இருந்து தெக்க பாத்தா வெறும் கடலு. நேரா விடலாம். எஞ்சின் சோதிக்க மகேந்திரகிரியும் கிட்டக்கயே இருக்கு. கயிறும் வேண்டாம், சுழட்டவும் வேண்டாம், இடத்தை மாத்துனதுலயே சரக்கு கூடிரும். 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டுனாவ. 2,000 ஏக்கருக்கு மேல நிலம், மதிப்பீடு 986 கோடி ரூபாய்.

இங்கயும் என் கேள்வியை நான் விடமாட்டேன். எத்தனை நடை? மஸ்க்கு 2021 ஜனவரியில ஒரே வண்டியில 143 கோளை ஏத்திக்கிட்டுப் போனாரு. நம்மாளுக 2017-ல பண்ண 104 சாதனை அதுல போச்சு. பங்கு லோடுல கிலோ 5,000 டாலருக்கே இடம் குடுத்தாரு. சின்ன வண்டிக்காரன் ராக்கெட் லேபு 300 கிலோவுக்கு 75 லட்சம் டாலர் வாங்குனான், கிலோவுக்கு 25,000. ஆனாலும் அவனுக்கு ஆளு வந்துச்சு. ஏன்னா பங்கு லோடு, லாரி போற ஊருல இறக்கும். உம்ம வாசல்ல இறக்காது. என் சரக்கு இன்ன நாளு, இன்ன பாதையில இருக்கணும்னு சொல்லுதவன் கூடக் குடுப்பான். குலசையில பொழைப்பு அவனை நம்பித்தான். சென்னை ஐ.ஐ.டி.யில முளைச்ச அக்னிகுல் பிள்ளைய எஞ்சினையே ஒத்தைத் துண்டா அச்சடிச்சு 2024 மே 30-ல விட்டுப் பாத்துட்டாவ. அவங்க கயிறு கட்டல பாத்தீரா.

அதனால உமக்கு என்ன சொல்லுதேன்னா, வண்டி செய்யாதீரும், லோடு செய்யும். வண்டிக்காரன் நூறு பேரு லோடு தேடிக்கிட்டு நிக்கான். மீன் பிடிக்கப் போறவனுக்கு, உப்பளத்துக்காரனுக்கு உதவுத மாதிரி ஒரு கோளு செஞ்சு, அவன்கிட்ட மாசக்காசு வாங்க வழி பண்ணிட்டு வாரும். அப்ப எந்த வண்டி மலிவோ அதுல ஏத்திவிடலாம். எவன் கயிறு அந்தா நமக்கென்ன?

கேக்கமாட்டீரு, தெரியும். சொன்ன பேச்சு கேக்கவரா இருந்தா என் மவளைக் கட்டியிருப்பீரு. நாகர்கோவிலுக்குப் போயிப் பொண்ணெடுத்திருக்க மாட்டீரு. வண்டிதான் செய்வேன்னு ஒத்தைக் காலுல நின்னா ஒண்ணு கேட்டுக்கிடும். மஸ்க்கோட ஃபால்கன் 1 மொத மூணு தடவையும் கடலுக்குத்தான் போச்சு. 2008 செப்டம்பர்ல நாலாவதுதான் மேல நின்னுச்சு. அதுவும் போயிருந்தா கம்பெனியை இழுத்து மூடியிருப்பாரு. நம்ம எஸ்.எஸ்.எல்.வி.யும் 2022-ல மொதத் தடவை கோட்டைவிட்டுட்டு 2023-லதான் தேறுச்சு. ஆக, மொத மூணு நடை கடலுக்குன்னே எழுதி வச்சுட்டுத்தான் இந்தத் தொழிலுக்குள்ள இறங்கணும்.

மாமா பின்வாங்கமாட்டேன். நாலாவது நடைக்குத் தோப்பை வித்துத் தாரேன், பத்திரத்தை இப்பவே எடுத்து வச்சுருதேன். அந்த மொத மூணு நடைக்கு மட்டும் நாகர்கோவில் மாமனாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரும்.